அலமாரிக்காரர் வீட்டுச் சமையலறை

என் அக்கா புருஷனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலமாரிக்காரர் என்றால்தான் தெரியும். சாலை முனையில் பட்டறை வைத்திருந்தார். அவர் செய்த அலமாரியின் கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது. இழுப்பறையை ஒரு விரலால் இழுத்தால் போதும், வந்துவிடும். குறை கண்டுபிடித்தே தீருவது என்று வந்தவர்கள்கூட இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டுகள்தான் அங்கே தட்டுகள். கல்யாணமான புதிதில், அப்போதைக்கு இருக்கட்டும் என்று அடித்தவை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று கோணலாக. எதற்கும் கதவு கிடையாது. சுவர் புகை ஏறிக் கறுத்துப் போயிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

"ஊருக்கெல்லாம் அலமாரி செய்யறீங்க. நமக்கு எப்போ?"

"அடுத்த மாசம்" என்பார் மாமா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அக்காவும் வாயால்தான் குறைப்பட்டுக்கொள்வாளே தவிர, அந்தச் சமையலறைக்குள் வேறு யாரையும் கால் வைக்க விடமாட்டாள். கூடப் பிறந்தவள் நான்; ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "நீ அங்கேயே உக்காரு, நான் கொண்டு வரேன். நீ உள்ள வந்தா எனக்கு வேலை ரெண்டாகும்" என்று விரட்டுவாள். மாமாவையும் அப்படித்தான். அவர்கள் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவரை அந்த வீட்டில் சமையல் கற்றுக்கொள்ளவே இல்லை. அக்காவுக்கு அது ஒரு ராஜ்ஜியம். உள்ளே அவள் கை சுழல்வதை நாங்கள் வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். உண்மையில் பார்க்கக்கூட இல்லை. டீ எப்போது வரும் என்றுதான் பார்த்தோம்.

ஒரு நாள் தலைவலி என்று படுத்தாள். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் என்னைப் பார்த்து, என்றைக்கோ செத்துப்போன எங்கள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள்; டாக்டர்களின் கிறுக்கலையே வாசித்துவிடுவேன். அந்தப் பார்வையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் பிழைப்பதே பெரிது என்றார்கள். பிழைத்தாள்.

பிழைத்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. எங்களை எல்லாம் அடையாளம் தெரிந்தது. பழைய கதைகள் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன. புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் வந்தவரை மதியம் தெரியாது. ஒரு வேலையைத் தொடங்கினால் பாதியில் இழை அறுந்துவிடும். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று கேட்பதைப் போல எங்களைப் பார்ப்பாள். வீட்டையே ஆட்டி வைத்தவள், மேல்சட்டையின் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி நின்றாள். எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் குளியலறையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவும் செய்தேன்.

அங்கிருந்து கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று கதவில் எழுதியிருந்தது. இத்தனை வருஷம் மருந்து விற்ற எனக்கே அது என்ன வைத்தியம் என்று தெரியவில்லை. உள்ளே போனால் மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஒரு சின்னச் சமையலறை, பித்தான் வைத்த சட்டைகள் தொங்கும் ஒரு கொடி. நாடகத்துக்குப் போட்ட வீடு மாதிரி இருந்தது. அங்கே இருந்த தெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளத் திரும்பப் பழக்குவதுதான் தன் வேலை என்றாள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இவளுக்கா? இவளுக்குத் தெரியாத வேலையா?" என்றார்.

"தெரியும் சார். தெரிஞ்சது எங்கேயோ சிக்கிக்கிச்சு. அதை எடுக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

அவளை நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். நான் டாக்டர் இல்லை, டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அவளே அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அக்காவோ தினமும் அவளைப் புதிதாகப் பார்த்து, "நீ யாரும்மா? சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அந்தப் பெண்ணும் தினமும் புதிதாகப் பதில் சொல்வாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முதல் நாளே எங்கள் இரண்டு பேருக்கும் பாட்டு விழுந்தது. அக்கா சட்டையோடு மல்லுக்கட்டும்போது நான் பாய்ந்து போய் மாட்டிவிட்டேன். "அக்கா மேல உங்களுக்கு ரொம்ப பாசம். அந்தக் கையைக் கொஞ்சம் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோங்க" என்றாள். பிறகு மாமா, "அடுத்து என்ன பண்ணணும், யோசி" என்று அக்காவை அதட்டினார். அதுவும் கூடாதாம்.

"கேள்வி கேக்காதீங்க சார். யோசிக்கற இடத்துலதான் அடி. தப்பாவும் செய்ய விடாதீங்க, தப்பே பழகிடும். பொருளைக் கையில கொடுங்க. மிச்சத்தைக் கை பாத்துக்கும்."

அப்படியே செய்தாள். பிரஷ்ஷில் பற்பசை வைத்து அக்காவின் கையில் கொடுத்து, தன் கையால் அந்தக் கையை வாய்வரை கொண்டுபோய் விடுவாள். அங்கிருந்து கை தானாக ஓடும். துணிகளை முதலில் போடுவது முதலில், கடைசியில் போடுவது கடைசியில் என்று கட்டில்மேல் வரிசையாகப் பரப்புவாள். ஒரே வரிசை, ஒரே இடம், ஒரே நேரம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஆனால் வாரங்கள் போகப் போக அக்கா தானே குளித்தாள், தானே உடுத்தினாள், தானே தலை வாரினாள். முதன்முதலில் தலையை வாரி முடிந்துகொண்டு வெளியே வந்த அன்று, மாமா ஆஸ்பத்திரி நடையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரி, தானே வாரிக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறை மட்டும் நடக்கவில்லை. அந்த நாடக வீட்டு அடுப்பின் முன்னால் நிறுத்தினால் அக்கா சுற்றுமுற்றும் பார்ப்பாள். "இது யார் வீடு? கேக்காம எப்படி எடுக்கறது?" என்பாள். மரியாதை தெரிந்தவள், அடுத்தவள் சமையலறையில் கை வைக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஊரிலிருந்து வந்தாள். சும்மா வரவில்லை, முடிவோடு வந்தாள். அப்பா காலையில் பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார், சித்திக்குக் கடை இருக்கிறது, அம்மாவைப் பகலெல்லாம் யார் பார்ப்பது? அம்மா தனியாக வீட்டில் இருக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் இருப்பது மாடி மேல் மாடியாகப் போகும் கட்டடத்தில். அங்கே அக்காவுக்கு வாசல் எது என்றுகூடத் தெரியப்போவதில்லை. அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் என் வீட்டுக்குப் போறேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு மறந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுலேயே இருக்க முடியுமா?" என்று மாமா அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

"முடியலாம் சார்" என்றாள் அவள். "புதுசா கத்துக்கறது இவங்களுக்குக் கஷ்டம். ஆனா வருஷக்கணக்கா செஞ்ச வேலை கையில அப்படியே இருக்கும். அவங்க சமையலறையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வாங்க. இங்கயும் அதே மாதிரி அடுக்கிப் பழக்கறேன். அப்புறம் அங்க போய்ப் பாக்கலாம்."

இதில் குழம்ப என்ன இருக்கிறது? வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். மாமாவோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். வேலை அதிகம் என்றார். கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடியில் மரத்தூளோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிவார். "ஒரு போட்டோ எடுக்கத் துப்பில்லையா மாமா?" என்று எரிந்து விழுந்தேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு சிரித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு வழியாகப் போட்டோ வந்தது. தெரபிஸ்ட் பெண் வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கதவு போட்ட அலமாரிகள், தரையிலிருந்து கூரைவரை. பளபளவென்று டைல்ஸ். ஜன்னலோரம் புது மேடை, அதன்மேல் அடுப்பு. நான் வேறு யார் வீட்டுப் படத்தையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா இருக்கா?" என்றார் மாமா. முகமெல்லாம் பூரிப்பு. "அந்தக் கரி பிடிச்ச இடத்தைப் போட்டோ எடுத்து உங்ககிட்ட எப்படிக் காட்டறது? அலமாரிக்காரன் வீடு இதுவான்னு கேக்க மாட்டீங்களா? அவளும் எவ்வளவு நாளா கேட்டுட்டே இருந்தா. வரும்போது இருக்கட்டும்னு செஞ்சுட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "பழசு?" என்றாள்.

"அதையெல்லாம் உடைச்சுக் குப்பை வண்டியில ஏத்தியாச்சு. ஆணி அடிச்ச தடம்கூடத் தெரியாது, பூசிட்டேன்."

அவள் போட்டோவை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். "எதையும் மாத்தாதீங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே சார்" என்றாள் பிறகு. ஏன் என்று அவள் சொல்லச் சொல்ல, மாமா அந்தப் போட்டோவைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நான் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். ஒரு மனுஷன் ஆசை ஆசையாகச் செய்த வேலையே கழுத்தை அறுத்தால் அவனை என்னவென்று திட்டுவது?

இருந்தாலும் போய்ப் பார்ப்போம் என்று அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தெருவைக் கண்டதும் நடை மாறியது. வாசலில் செருப்பைக் கழற்றினாள், விளக்கு சுவிட்சைப் பார்க்காமலே தட்டினாள், நேராகச் சமையலறைக்கு நடந்தாள். எனக்கு உயிரே வந்தது. சமையலறை வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

வெகுநேரம் பார்த்தாள். ஒரு கதவைத் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. விரலால் ஓர் இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். "இந்த வீட்டுக்காரி கொடுத்து வெச்சவ."

பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "நாம எப்போ நம்ம வீட்டுக்குப் போறது?" என்று கேட்டாள்.

மாமா பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருக்கிறார். தெருவுக்கே கேட்டது.

சரி, பழையபடி செய்துவிடுகிறேன் என்று மறுநாளே கிளம்பினார். மரம் இருக்கிறது, கை இருக்கிறது, என்ன பெரிய விஷயம்? தேயிலை டப்பா எந்தத் தட்டில் இருந்தது என்று என்னைக் கேட்டார். அடுப்புக்கு மேலே என்றேன். ஊருக்குத் திரும்பியிருந்த மகளுக்குப் போன் போட்டால், இல்லவே இல்லை சித்தி, ஜன்னல் பக்கம் என்றாள். மாமா கீழ்த்தட்டு என்று நினைத்திருந்தார். உப்பு? ஆளுக்கு ஒரு மூலையைச் சொன்னோம். சர்க்கரை எதில் இருந்தது, டப்பாவிலா பாட்டிலிலா? கோணல் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? அடித்தவருக்கே தெரியவில்லை. அக்காவைக் கேட்டால், "எங்க இருக்கும், அது இருக்கற இடத்துல இருக்கும்" என்றாள்.

மாமா அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ல எவன் வீட்டு சமையலறையை வேணும்னாலும் கேளு, அளவோட சொல்லுவேன்" என்றார் என்னிடம். "என் வீட்டுல உப்பு எங்க இருந்துதுன்னு தெரியல. வேளாவேளைக்கு வந்து உக்காந்து சாப்பிட்டிருக்கேன். அவ்வளவுதான்."

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் எனக்குத் தெரிந்திருந்ததா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

விஷயத்தைக் கேள்விப்பட்டு தெரபிஸ்ட் பெண் தன் விடுமுறை நாளில் வீட்டுக்கே வந்தாள். அலமாரியைச் சுற்றிப் பார்த்தாள். அக்காவை உள்ளே கூப்பிட்டு நிறுத்தி, "அம்மா, எல்லாருக்கும் டீ போடுங்களேன்" என்றாள். அக்கா வெள்ளைக் கதவுகளைப் பார்த்துத் திகைத்தாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க அவங்களோட பேச்சு கொடுங்க. பழசா, சிரிப்பா ஏதாவது. கையைப் பத்தி அவங்களுக்கு நினைப்பே வரக்கூடாது."

பேசுவதற்கு எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? எனக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு ஒரு நாள்தான் அது உருப்படியாகப் பயன்பட்டது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் நான் தலைகீழாக விழுந்த கதையை எடுத்துவிட்டேன். "காலு ரெண்டும் மேல, ஆளைக் காணோம்" என்று அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அவள் உடம்பு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இடது மூலைக்குத் திரும்பியது. இடது கை மேலே எழும்பி, தலைக்குக் கொஞ்சம் உயரத்தில், ஒரு வெள்ளைக் கதவில் போய் இடித்தது.

"அங்க" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அக்காவின் விரல் பட்ட இடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தப் பெண் தயாராக வைத்திருந்த பாத்திரத்தை அக்காவின் கையில் கொடுத்தாள். கைக்குப் பாத்திரம் வந்ததும் அடுத்தது ஓடியது. வலது கை இடுப்பு உயரத்தில் எதையோ திருகியது. அங்கே ஒரு கோடு. உடம்பு குனிந்து, கை காற்றில் எதையோ தூக்கியது. அங்கே ஒரு கோடு. நான் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வெளியே வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆசிரியரிடம் அடி வாங்கி, வாயில் எச்சில் வற்றுகிறவரை பேசினேன். அக்காவின் கை அந்தப் புது அலமாரியின்மேல் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டே இருந்தது. தேயிலை டப்பா எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாத இடத்தில் இருந்திருக்கிறது, பழைய அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில். உப்பும் அங்கேதான். மாமா ஒவ்வொரு கோட்டுக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டு குறித்தார்.

இப்படிப் பல நாள். பிறகு அவர் ரம்பத்தை எடுத்தார். கதவுகளைக் கீலோடு கழற்றினார். தான் இழைத்து இழைத்துச் செய்த பலகைகளை அறுத்தார். அடுப்பை இடது மூலைக்குக் கொண்டுபோனார். கோடு சொன்ன இடத்தில் சொன்ன உயரத்தில் தட்டு அடித்தார்; ஒன்று கோணலாகத்தான் வந்தது, நேராக்கவில்லை. ஒரு குறையும் இல்லாத வேலையை ஒரு தச்சர் தன் கையாலேயே வெட்டிப்போடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

முடிந்ததும் தெரபிஸ்ட் பெண்ணையும் வரவழைத்து, அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், நின்றுகூடப் பார்க்கவில்லை. பாத்திரம், தண்ணீர், தேயிலை, அடுப்பு. கை போன இடத்தில் பொருள் இருந்தது. வழியில் நான் நின்றிருந்தேன். "நீ வெளியே உக்காரேன், வேலையை ரெண்டாக்காதே" என்று என்னைத் தோளால் தள்ளினாள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். டீ வந்தது. தெரபிஸ்ட் பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அழுதாள். நாங்கள் குடித்துக்கொண்டே அழுதோம்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள், பிறகு சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவிடம், "ஊருக்கெல்லாம் செய்யறீங்க. இதுக்கு ஒரு கதவாவது போட்டுத் தரக்கூடாதா?" என்றாள்.

"அடுத்த மாசம்" என்றார் மாமா.

இனி அவள் தனியாக இருக்க முடியும் என்றுதான் எல்லாரும் நம்பினோம். முதலில் மாமா வாசலில் ஒளிந்து நின்று பார்த்தார். பிறகு தெருமுனைவரை போய் வந்தார். எதுவும் கெட்டுப்போகவில்லை. அடுப்பை மறக்காமல் அணைத்தாள், கதவைச் சாத்தினாள், கொஞ்சம் படுத்தாள். மகளுக்குப் போன் போட்டு, "உங்க அம்மா இங்கதான்" என்று மாமா பெருமையடித்தார். ஒரு நாள் துணிந்து பட்டறைக்குப் போய் அரை நாள் வேலை பார்த்துவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் எனக்குப் போன் போட்டு, "வா" என்று மட்டும் சொன்னார்.

மேடைமேல் டம்ளர் டம்ளராக டீ. ஜன்னல் விளிம்பில் டீ. கிண்ணங்களில், சின்னப் பாத்திரங்களில், ஒரு பூச்சாடியில்கூட. எல்லாம் ஆறி ஆடை படிந்திருந்தன. பால் தீர்ந்த பிறகு போட்டவை கறுப்பாக இருந்தன. அடுப்பு ஒழுங்காக அணைக்கப்பட்டிருந்தது; ஒவ்வொரு தடவையும் அணைத்திருக்கிறாள். வியர்த்து விறுவிறுத்து, இன்னொரு பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்க போயிட்டீங்க?" என்றாள் எங்களைப் பார்த்து. "டீ ஆறுது பாருங்க."

தெரபிஸ்ட் பெண் வந்து பார்த்தாள். பூசி மெழுகவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"போடத் தெரியுது சார். போட்டு முடிச்சது அவங்களுக்குத் தங்கல. யாராவது எதிர்ல உக்காந்து குடிச்சா, முடிஞ்சுதுன்னு புரியுது, நிறுத்திடறாங்க. ஆளில்லேன்னா திரும்ப முதல்ல இருந்து. அதுக்கு என்கிட்ட வழி இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவங்களால எல்லாம் செய்ய முடியும். தனியா மட்டும் விடக்கூடாது."

மகள் வந்தாள், பெட்டியோடு. அம்மாவின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். "நீங்களும் வந்துடுங்கப்பா" என்றாள்.

"அங்க அவ கை எங்க போகும்?" என்று கேட்டார் மாமா.

மகள் அடுக்குவதை நிறுத்தினாள். "அப்போ பட்டறை?" என்றாள்.

மாமா பெட்டியிலிருந்து அக்காவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். அந்த வாரமே பட்டறையைப் பக்கத்தில் ஜன்னல் செய்கிறவரிடம் விட்டுவிட்டார். உளியும் இழைப்புளியும் மட்டும் வீட்டுக்கு வந்தன. கூடத்தில் உட்கார்ந்து சின்ன வேலைகள் செய்யலாம் என்று பார்த்தார். மரத்தூளும் சத்தமுமாகக் கூடம் மாறியதும், இது யார் வீடு என்று அக்கா கேட்கத் தொடங்கிவிட்டாள். இழைப்புளியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அப்புறம் அதைத் தொடவில்லை. நாளெல்லாம் மரத்தோடு பேசிய கை சும்மா மடியில் கிடந்தது. அவருக்கு மிஞ்சிய ஒரே வேலை, எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பது.

தினமும் காலையில் அக்கா டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பாள். முதலில் அவர் உள்ளதைத்தான் சொன்னார். பட்டறையை மூடிட்டேன் என்றால் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "எதுக்கு? எனக்காகவா?" என்று அழுவாள். அழுகை ஓய்ந்து மறந்துபோகும். மறுநாள் அதே கேள்வி, அதே அழுகை, அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற மாதிரி. மாமாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள், "இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வேலை நாளில் வீட்டில் இருந்ததில்லை. மகள் பிறந்தபோதே கையில் பசையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஓடிப்போய் இருப்பதில் நல்ல உடுப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஏரிக்கரைவரை நடந்து போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தினமும் லீவு, தினமும் அந்தச் சந்தோஷம், தினமும் ஏரிக்கரை.

எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. இதில் ஒரே ஒரு நாளையாவது அவள் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்த காலத்தில் கொடுத்திருக்கக்கூடாதா?

நேற்று சாயங்காலம் போயிருந்தேன். அப்போதுதான் திரும்பி வந்திருந்தார்கள். நல்ல உடுப்பை இன்னும் மாற்றவில்லை. கால் விரல் இடுக்கில் ஏரிக்கரை மணல் ஒட்டியிருந்தது. அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாமாவுக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னாள்:

"நீயே நியாயம் சொல்லு. ஊர்ல அவனவன் பொண்டாட்டியோட ஏரிக்கரைக்குப் போறான், வரான். உங்க மாமா ஒரே ஒரு நாள் லீவு போட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருக்காரா, கேளு?"

மாமா குனிந்து அவள் காலில் இருந்த மணலைக் கையால் தட்டிவிட்டார்.

"தப்புதான்" என்றார். "நாளைக்கு லீவு போடறேன்."